டபுள் பேஸ் வாசிச்சு பொழைக்கலாமா? மலையகத்துல இருந்து ஆரம்பிக்கிறவங்களுக்கு

2025 மார்ச்ல இளையராஜா லண்டன்ல சிம்பொனி நடத்துனதுக்கு அப்பறம் நம்ம பக்கத்து புள்ளைங்க சில பேரு எங்கிட்ட ஒரே கேள்விய மாத்தி மாத்தி கேட்டுட்டாங்க. ஸ்டேஜ்ல ஒரு ஓரமா ஆளுயரத்துக்கு பெரிய வயலின் மாதிரி ஒன்ன வச்சு வாசிக்கிறாங்களே அது என்னா, அத படிச்சா வேல கெடைக்குமா, ஹட்டன்லயோ பதுளையிலயோ இருந்துக்கிட்டு படிக்க ஏலுமா. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல வொயிஸ் அனுப்பி களைச்சுப்போய்தான் இத ஒரே எடத்துல எழுதி வைக்கிறேன்.

அதுக்கு பேரு டபுள் பேஸ். ஆர்கெஸ்ட்ராவுல வில்லு போட்டு வாசிக்கிற வாத்தியங்கள்ல ஆக கீழ் சத்தம் அதோடதுதான். வேல கெடைக்குமான்னு கேட்டா, வாசிக்க கட்டாயம் கூப்பிடுவாங்க, ஏன்னா வயலின்காரங்க நெறைய, பேஸ்காரங்க கொஞ்சம். ஆனா அந்த கூப்பிடுறத மட்டும் நம்பி குடும்பம் நடத்த ஏலாது, மாசாமாசம் கையில சல்லி வாறது சொல்லிக்குடுக்குறதுலதான். அதனால மொதல்ல பெரிய ப்ளேயர் ஆகிட்டு பொறகு டீச்சர் ஆகலாம்னு நெனைக்காம ரெண்டையும் ஆரம்பத்துலருந்தே சேத்து கொண்டு போங்க. கீழ சொல்ற எல்லாமே அந்த கணக்க வச்சுத்தான்.

வாத்தியம் கைக்கு வர்றதுக்கு முந்தி

நாலு கம்பி. கீழருந்து ஈ, ஏ, டி, ஜி. பேஸ் கிட்டார்ல இருக்குற அதே நாலு, அதே சுருதி. சேர்ச்லயும் கல்யாண வீட்டு பேண்ட்லயும் பேஸ் கிட்டார் வாசிக்கிற பொடியன்மாரு நம்ம ஊருல எத்தன பேரு இருக்காங்க, அவங்கதான் இதுக்கு லேசா மாறக்கூடிய ஆளுங்க. ஃப்ரெட் (கிட்டார் கழுத்துல எடம் காட்டுற குறுக்குக் கம்பி) இல்லாம காதால எடம் கண்டுபிடிக்க பழகணும், அவ்வளவுதான் (அந்த அவ்வளவுதானுக்கு ரெண்டு வருசம் போகும், அது வேற கத).

ஆக கீழ இருக்குற ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ் சொச்சத்துல அதிருது. போன் ஸ்பீக்கருக்கு அந்த சத்தம் எட்டவே எட்டாது. யூடியூப்ல ஒரு சிம்பொனிய போன்ல போட்டு கேட்டுட்டு "பேஸ் ஒன்னும் கேக்கலையே சேர்"னு சொல்றவங்க தயவுசெஞ்சு ஒரு சுமாரான ஹெட்போனாவது மாட்டிக்கிட்டு கேளுங்க. மொதல் ரெண்டு மூனு மாசம் இதுதான் வேல: கேக்குறது, அதோட பேஸ் க்ளெஃப் (கீழ் சுரங்கள எழுதுற நோட்டு முறை) வாசிக்க பழகுறது. பேஸுக்கு எழுதுற நோட்டு ஒரு ஒக்டேவ் (ஸ-லருந்து மேல் ஸ வரைக்கும் உள்ள தூரம்) மேல எழுதி இருக்கும், சத்தம் ஒரு ஒக்டேவ் கீழ வரும், அது தெரியாம கீபோட்ல வச்சு பாத்து கொழம்பாதீங்க. கோயில்ல ஸரிகம பழகின புள்ளையா இருந்தா சங்கராபரணம் உங்களுக்கு ஏற்கனவே மேஜர் ஸ்கேல்தான், சேர்ச் கொயர்ல இருந்தவங்களுக்கு டோ ரே மி தெரியும், ரெண்டுல எது இருந்தாலும் பாதி தூரம் வந்தாச்சுன்னு வைங்க. பாட வெக்கப்படுற ஆளுக்கு இந்த வாத்தியம் கஷ்டம், ஏன்னா மனசுக்குள்ள சுரத்த பாடாம விரல் வச்சா சுதி நிக்காது.

சொல்லிக்குடுக்குற சேர எங்க தேடுறது

மலைநாட்டுல டபுள் பேஸுக்குன்னு ஒரு ஆள தேடி அலையிறதுக்கு முந்தி கண்டிப்பக்கம் ஒரு செலோ (உக்காந்து வாசிக்கிற, பேஸவிட சின்ன வாத்தியம்) டீச்சர தேடுங்க. க்ளெஃப் அதே, வில்லு புடிக்கிற விசயமும் பாதி ஒத்து வரும். அதோட கொழும்புல ஒரு பேஸ் ப்ளேயர்கிட்ட மாசத்துக்கு ஒருக்கா நேர்ல போங்க, இடையில வீடியோ கோல்ல காட்டுங்க. வெறும் ஒன்லைன் மட்டும் வச்சு ஆரம்பிக்கிறத நான் யாருக்கும் சொல்றதில்ல, ஒங்க எடது கை பெருவிரல் நெக்க (வாத்தியத்தோட கழுத்த) நசுக்குதான்னு கேமராவுல தெரியாது, ஆறு மாசம் கழிச்சு மணிக்கட்டு வீங்கும்போதுதான் தெரியும்.

வில்லு ரெண்டு வகை. ஃப்ரெஞ்ச் வில்ல மேலருந்து செலோ மாதிரி புடிக்கிறது, ஜெர்மன் வில்ல கீழருந்து கைய குடுத்து புடிக்கிறது. எது நல்லதுன்னு நெட்ல சண்ட போட்டுக்கிட்டே இருப்பாங்க. நீங்க ஒங்க சேர் எது வாசிக்கிறாரோ அத வாங்குங்க, முடிஞ்சு.

வாத்தியம்

பெரியவங்களும் வாசிக்கிறது பெரும்பாலும் முக்கா சைஸ்தான், முழு சைஸ்ன்னு தேடாதீங்க. அதுவே கிட்டத்தட்ட 180 சென்டிமீட்டர் ஒசரம், பத்து கிலோ அளவு பாரம். சின்ன புள்ளைங்களுக்கு அரை, கால் சைஸ் இருக்கு. ஒடனே வாங்க ஓடாதீங்க, டவுன்ல உள்ள பெரிய பாடசாலைங்க, பழைய சேர்ச்சுங்கள்ல ஒரு மூலையில ஒன்னு கம்பி இல்லாம கெடக்குறது உண்டு, பிரின்சிபல்கிட்டயோ ஃபாதர்கிட்டயோ கதைச்சு திருத்தி தாறேன், வாசிச்சுக்கிறேன்னு கேட்டுப்பாருங்க. அப்பிடி ஒரு வாத்தியம் எழும்புனா அந்த பாடசாலைக்கும் லாபம், ஒங்களுக்கும் பயிற்சிக்கு எடம் கெடச்ச மாதிரி.

செக்கன்ஹேண்ட் வாங்குறதா இருந்தா தனியா போகாதீங்க. பிரிட்ஜுக்கு (கம்பிங்கள தாங்குற மரத்துண்டு) கீழ, சவுண்ட் போஸ்ட் நிக்கிற பக்கம், வயித்து பலகையில கோடு மாதிரி வெடிப்பு இருக்கான்னு டோர்ச் அடிச்சு பாருங்க. முன் பலகையில எஃப் எழுத்து மாதிரி இருக்குற ஓட்டையால உள்ள எட்டிப் பாத்தா சவுண்ட் போஸ்ட்னு ஒரு மரக்குச்சி நேரா நிக்கணும், அது விழுந்து கெடந்தா கம்பிய முறுக்கவே கூடாது, பலகை அமுங்கி வெடிச்சிரும். நெக்கும் ஒடம்பும் சேருற எடத்துல சந்து விட்டிருந்தா விலை பேசாம திரும்பி வந்துருங்க. தொடங்குறவங்களுக்கு பிளைவுட்ல செஞ்சதே போதும், சொல்லப்போனா நம்ம காலநிலைக்கு அதுதான் தாங்கும்.

காலநிலைன்னு சொன்னதால இத கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா கொழும்பு ஆளுங்க எழுதி வைக்கிற எதுலயும் இது இருக்காது. நுவரெலியா கடல் மட்டத்துலருந்து 1,868 மீட்டர். மழ மாசத்துல நாள் கணக்கா துணி காயாது, அந்த ஈரத்த மரமும் குடிக்கும். பலகை ஊதும், கம்பி ஒசந்து நிக்கும், விரல் வலிக்கும். பொறகு ஜனவரி பெப்ரவரியில பகல்ல காய்ஞ்ச வெயில், ராவையில பனி, அப்ப பலகை சுருங்கி ஒட்டுன எடம் விடும். நல்ல வாத்தியத்துல ஒட்டுறது தோல் எலும்புலருந்து எடுக்குற பசை, அது வேணும்னேதான் லேசா விடுறமாதிரி செஞ்சிருக்கு, பலகை வெடிக்கிறதுக்கு பதிலா ஒட்டு விடட்டும்னு. அதனால ஓரம் விட்டுச்சுன்னா பயப்படாதீங்க, ஆனா தளபாடம் செய்ற பாஸ்கிட்ட குடுத்து மரப்பசையோ சூப்பர் குளூவோ போட்டு ஒட்டிராதீங்க, அடுத்த தடவ தெறக்க வேண்டி வந்தா மரத்தோடதான் பிஞ்சு வரும்.

தோட்டத்து லயத்துல (வரிசை வீட்டுல) இருக்குறவங்களுக்கு இன்னொன்னு. குசினி அடுப்புக்கு பக்கத்து சொவத்துல சாத்தி வைக்காதீங்க, சூடும் பொகையும் ரெண்டும் ஆகாது. இஸ்தோப்புல (வெளித் திண்ணையில) வைக்கவே வேணாம், மிஸ்ட் உள்ள வந்துரும். உள் காம்பராவுல, வெளிச்சொவத்துல ஒட்டாம, ஒரு சாக்கு விரிச்சு பக்கவாட்டுல படுக்க வைங்க. நிமித்தி மூலையில சாத்தி வச்சா ஒரு நாள் கோழி வெரட்டுற புள்ள வந்து மோதும். உறைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு போட்டு, மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. வில்லு மயிர வாசிச்சு முடிஞ்சதும் தளத்தணும், கையால தொடக்கூடாது, மாசக்கணக்கா மூடி வச்சா பூஞ்சணம் புடிக்கும். ரோசின் (வில்லு மயிர்ல தேய்க்கிற பிசின்) பேஸுக்குன்னு தனியா இருக்கு, வயலின் ரோசின் போட்டு தேச்சுக்கிட்டு சத்தம் வரலைன்னு அழக்கூடாது.

பிரிட்ஜ வாரத்துக்கு ஒருக்கா பக்கவாட்டுலருந்து பாருங்க. டியூன் பண்ணப்பண்ண அது மெல்ல ஃபிங்கர்போட் (விரல் வைக்கிற பலகை) பக்கம் சாயும், அப்பிடியே விட்டா ஒரு நாள் டமார்னு விழும்.

கைய வைக்கிற விதம்

மொதல் நாள் எல்லாரும் கம்பிய பலமா அமுக்குவாங்க. பலம் விரல்ல இருக்கக்கூடாது, முழு கையோட பாரம் கம்பி மேல தொங்கணும், பெருவிரல் பின்னுக்கு சும்மா தொட்டுக்கிட்டு இருந்தா போதும். வயலின்ல ஒரு முழு சுரத்துக்கு மூனு சென்டிமீட்டர் சொச்சம் போனா போதும், பேஸ்ல அதே தூரம் கீழ் பொசிஷன்ல, அதாவது கை கழுத்து நுனிப்பக்கம் நிக்கிறப்ப, 10 சென்டிமீட்டர் அளவு. அதனால மூனாவது விரல தனியா பாவிக்கிறதில்ல, 1, 2, 4 தான் (ஆள்காட்டி விரல்தான் 1). மூனும் நாலும் ஒன்னா விழும். ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல அரை சுரம், ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல அரை சுரம். ஃப்ரான்ஸ் சிமாண்டில்னு வியன்னாவுல இருந்த ஒரு பேஸ்காரரோட பாடப்புத்தகம்தான் இந்த முறைய உலகம் பூரா பரப்பிச்சு, இன்னைக்கும் பெரும்பாலான சேர்மாரு அதுலருந்துதான் ஆரம்பிப்பாங்க.

இத இப்பவே செஞ்சு பாருங்க, கை நகராம ஒரு ஜி மேஜர் ஸ்கேல் வரும். ஈ கம்பியில மொதல் பொசிஷன்ல ரெண்டாவது விரல் வச்சா ஜி, அதான் உங்க ஸ. அடுத்து ஏ கம்பிய விரல் வைக்காம சும்மா வாசிங்க. பொறகு அதுலயே 1 வச்சா பி, 2 வச்சா சி. டி கம்பி சும்மா. அதுல 1 ஈ, 4 எஃப் ஷார்ப். கடைசியா ஜி கம்பி சும்மா, மேல் ஸ. எட்டு சுரமும் ஒரே எடத்துல. முழு வில்லு, ஒரு சுரத்துக்கு நாலு எண்ணம், மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) அறுபதுல. ஒரு மாசம் வேற ஒன்னும் வாசிக்கலைன்னாலும் குத்தமில்ல, நடுவுல வாற சும்மா கம்பிங்களே உங்க விரல் சரியா விழுந்துச்சான்னு சொல்லிக்குடுக்கும்.

டியூன் பண்றதுக்கு போன் ஆப் கீழ் ஈ கம்பியில தடுமாறும். ஹார்மோனிக்ல (கம்பிய அமுக்காம லேசா தொட்டு எடுக்குற சத்தத்துல) பண்ணுங்க: ஜி கம்பியில, நட்டுலருந்து (கழுத்து நுனியில கம்பி படுற கட்டை) மூனுல ஒரு பங்கு தூரத்துல லேசா தொட்டு வாசிங்க, டி கம்பியில நாலுல ஒரு பங்கு தூரத்துல தொட்டு வாசிங்க, ரெண்டும் ஒரே டி சுரம்தான் வரணும். அலை அலையா அடிச்சுச்சுன்னா இன்னும் சேரல. அப்பிடியே அடுத்த ஜோடிக்கு போங்க.

சீமெந்து தரையில எண்ட்பின் (வாத்தியத்துக்கு அடியில தரையில ஊனுற கம்பி) வழுக்கும், ஒரு ரப்பர் பூட்டும் பழைய கார்பெட் துண்டும் எப்பவும் பேக்ல இருக்கட்டும்.

பரீட்சை

இலங்கையில ஏ.பி.ஆர்.எஸ்.எம், ட்ரினிட்டின்னு இங்கிலாந்து சங்கீத பரீட்சைங்க ரெண்டும் நடக்குது, ரெண்டுலயும் டபுள் பேஸ் இருக்கு, கிரேட் 1லருந்து 8 வரைக்கும். ஏ.பி.ஆர்.எஸ்.எம்ல கிரேட் 6க்கு போகணும்னா கிரேட் 5 தியரி முடிச்சிருக்கணும், ட்ரினிட்டியில அந்த கட்டாயம் இல்ல. ஆனா தியரிய விட்டுட்டு போறவன் பொறகு டீச்சரா நிக்கிறப்ப திணறுவான், அதனால எதுல போனாலும் தியரிய செய்யுங்க. இப்ப நாலு பீஸ் ஒரேயடியா வாசிச்சு வீடியோவா அனுப்புற பரீட்சையும் இருக்கு, மண்சரிவு வந்து ரோட்டு மூடுற நம்ம ஊருக்கு அது பெரிய ஒதவி. கிரேட் 8க்கு அப்பறம் டிப்ளோமா, ட்ரினிட்டியில ஏ.டி.சி.எல், எல்.டி.சி.எல், மத்ததுல ஏ.ஆர்.எஸ்.எம், எல்.ஆர்.எஸ்.எம். இன்டர்நேஷனல் ஸ்கூல்காரங்க சி.வி.யில மொதல்ல தேடுறது இந்த எழுத்துங்களத்தான்.

ஆர்கெஸ்ட்ராவுக்குள்ள

இலங்கை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா 1958லருந்து கொழும்புல இருக்கு. அதுல வாசிக்கிறவங்கள்ல நெறைய பேரு பகல்ல வேற வேல பாக்குறவங்கதான், அதனால ரிகர்சல் அவங்களுக்கு தோதான நேரத்துல கொழும்புலதான் நடக்கும், நீங்க ஹட்டன்லருந்து போய் வாறதா இருந்தா கொன்சர்ட் கிட்ட வாற வாரங்கள்ல தங்குறதுக்கு ஒரு சொந்தக்காரங்க வீடோ போர்டிங்கோ பேசி வச்சுக்கிட்டே ஒத்துக்கிங்க. அத ஒத்துக்கிட்டு ரெண்டு ரிகர்சல் வராம போன ஆள அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க, ஆள் தட்டுப்பாடா இருந்தாலும் சரி.

வாத்தியத்த தூக்கிக்கிட்டு அலையிறத பத்தி நெறைய பேரு கேக்குறாங்க. பஸ்ல ஏலாது. திரீவீல்ல கழுத்து வெளிய நீட்டிக்கிட்டு போறத பாத்திருக்கேன், கினிகத்தேன வளைவுல அது யாரு மண்டையில இடிக்கும்னு கடவுளுக்குத்தான் தெரியும். ரயில்னா முந்தின நாளே ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கதைச்சு கார்ட் பெட்டியில வைக்க ஏலுமான்னு கேளுங்க, லோங் வீக்கென்ட்ல பொடி மெனிக்கே ரயில் பக்கமே போகாதீங்க, டூரிஸ்ட் கூட்டத்துல ஒங்களுக்கே நிக்க எடமிருக்காது. உண்மையில பேஸ்காரங்க உலகம் பூரா செய்றது என்னான்னா, போற எடத்துல ஒரு பேஸ் இருக்கான்னு கேட்டு கடன் வாங்கிக்கிறது, கையில வில்லும் ரோசினும் மட்டும் கொண்டு போறது. இத கேக்க கூச்சப்படாதீங்க.

உள்ள போனதும் பழக்கவழக்கம் கொஞ்சம் இருக்கு. ஒரு நோட்டு ஸ்டேண்டுக்கு ரெண்டு பேரு, உள்பக்கம் இருக்குறவர்தான் பக்கம் திருப்பணும், புதுசா போற நீங்கதான் உள்பக்கம். வில்லு மேலயா கீழயான்னு செக்‌ஷன் தலைவர் போட்டதுதான் சட்டம், உங்களுக்கு வேற விதம் வசதியா இருந்தாலும் வாய மூடிக்கிட்டு பென்சிலால மார்க் பண்ணுங்க. பேனா கொண்டு போனா மானம் போகும். கீழ் சுரம் எழும்ப நேரமெடுக்கும், அதனால ஆர்கெஸ்ட்ராவ நடத்துற கொண்டக்டர் கைய பாத்து வயலின் நேரத்துக்கு வாசிச்சா பேஸ் பிந்தி கேக்கும், ஒரு மயிரளவு முந்தி வில்ல போட பழகணும், இத எந்த புத்தகத்துலயும் எழுதி வெளங்கப்படுத்த ஏலாது, ஒரு நல்ல பேஸ்காரர் பக்கத்துல நின்னு புடிச்சுக்க வேண்டியதுதான். அதோட நாப்பது பார் (தாளக் கட்டம்) சும்மா நிக்கிற எடம் வரும், எண்ணணும். பக்கத்துல உள்ளவர் எண்ணுவார்னு நீங்களும், நீங்க எண்ணுவீங்கன்னு அவரும் நெனச்சா கத கந்தல்.

ஒடிஷனுக்கு எல்லா நாட்டுலயும் கேக்குற பகுதிங்க கிட்டத்தட்ட ஒன்னுதான்: பீத்தோவனோட அஞ்சாவது சிம்பொனியில மூனாவது பகுதி, ஒம்பதாவதோட கடைசி பகுதியில செலோவும் பேஸும் சேந்து பேசுற மாதிரி வாற எடம், மாலரோட மொதல் சிம்பொனியில மூனாவது பகுதி தொடக்கத்துல வாற பேஸ் சோலோ. ஐ.எம்.எஸ்.எல்.பின்னு நோட்டுங்க கெடைக்கிற இணையத்தளத்துல பேஸ் பார்ட்ட சல்லி இல்லாம எடுக்கலாம். மாலர் சோலோ பாக்க லேசு, சின்ன புள்ளைங்க பாட்டு மெட்டுதான், ஆனா தனியா, மெதுவா, மேல் பொசிஷன்ல, ஹோலே அமைதியா இருக்குறப்ப. அத தெனமும் வாசிங்க.

பேஸ்காரன்னா பின்னுக்கு நிக்கிறவன்னு வீட்டுல ஏளனம் பண்ணா, பம்பாயில பொறந்த பெரிய கொண்டக்டர் ஸுபின் மேத்தா வியன்னாவுல படிக்கிறப்ப வாசிச்சது டபுள் பேஸ்தான்னு சொல்லுங்க.

சல்லி வாற பக்கம்

இப்ப டீச்சிங். டபுள் பேஸ் மட்டும் சொல்லிக்குடுத்து மலைநாட்டுல க்ளாஸ் நெரம்பாது. பேஸ் கிட்டார், தியரி, கீபோட் தொடக்கம், ஏலும்னா செலோவோ வயலினோ கிரேட் 3 வரைக்கும், இவ்வளவும் கையில இருக்கணும். கண்டி, நுவரெலியா, பண்டாரவளை பக்கம் பரீட்சைக்கு புள்ளைங்கள தயார்படுத்துற டீச்சருக்கு தேவ எப்பவும் இருக்கு.

அரசாங்க வேல வேணும்னா வழி வேற. பாடசாலையில அழகியல் பாடத்துல சங்கீதம் மூனு வகை, கர்நாடகம், கீழைத்தேயம், மேலைத்தேயம். தோட்டப்புற தமிழ் பாடசாலைங்கள்ல மேலைத்தேயம் இருக்குறது அபூர்வம், பெரும்பாலும் கர்நாடக சங்கீதம்தான், இல்லாட்டி நடனம். ஆகவே ஓ.எல், ஏ.எல்ல எந்த சங்கீதம் எடுக்குறீங்கங்கிறது பிற்காலத்துல எந்த பாடசாலையில நிப்பீங்கங்கிறத தீர்மானிக்கும். ஏ.எல் ரிசல்ட்ட வச்சு டீச்சர் பயிற்சி குடுக்குற கல்வியியற் கல்லூரிக்கு போகலாம், பத்தனை ஸ்ரீபாத நம்ம பக்கத்துலயே இருக்கு, ஆனா எந்த பாடம் எந்த கல்லூரியில எந்த மொழியிலன்னு கெசட்ட வரிவரியா படிங்க, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்னு போட வேணாம். கர்நாடக சங்கீதத்துல பட்டம் படிக்கணும்னா யாழ்ப்பாணத்துல இராமநாதன் நுண்கலை, மட்டக்களப்புல சுவாமி விபுலாநந்தா நிறுவகம், ரெண்டும் தமிழ்ல. கர்நாடக சங்கீத டீச்சரா நியமனம் எடுத்துக்கிட்டு, சனி ஞாயிறுல பேஸ் வாசிச்சு, பின்னேரத்துல மேலைத்தேய தியரி க்ளாஸ் போடுற வாழ்க்கை கேக்க கலவையா இருக்கும், என்னைய கேட்டா மலையகத்து புள்ளைக்கு ஆக பாதுகாப்பான வழி அதுதான்.

க்ளாஸ் தொடங்குறப்ப ஃபீஸ் மாச ஆரம்பத்துல வாங்குங்க, மழைக்கு வராத க்ளாஸுக்கு பதில் க்ளாஸ் உண்டா இல்லையான்னு மொத நாளே பெத்தவங்ககிட்ட வாயால சொல்லுங்க. தோட்டத்துல சம்பளம் போடுற தேதிக்கு முந்தி ஃபீஸ் கேட்டு ஒரு புள்ளைய வெக்கப்படுத்தாதீங்க, பத்தாம் தேதிக்கு பொறகு கேட்டா தானா வரும். தாளம் வராத புள்ளைக்கு எண்ண சொல்லிக்குடுக்குறத விட, திருவிழாவுல கேட்ட தப்பு மேளத்து அடிய கையால தட்ட சொல்லி, அத நோட்டுல எழுதி காட்டுங்க, சின்கோபேஷன் (அடி எடம் மாறி விழுறது) என்னான்னு பத்து நிமிசத்துல வெளங்கிரும். மூனு நாலு பேர சேத்து க்ரூப்பா எடுத்தா அவங்களுக்கும் ஃபீஸ் கொறையும், ஒங்களுக்கும் மணித்தியாலத்துக்கு கூட நிக்கும், அதோட ஒருத்தருக்கொருத்தர் சுதி சேத்து வாசிக்க பழகுவாங்க. டிசம்பர் மாசம் கரோல் சீசன்ல சேர்ச்சுங்க, ஹோட்டலுங்கள்ல ஆள் தேடுவாங்க, ஒக்டோபர்லயே போன் அடிச்சு வைங்க.

ஒடம்ப பாத்துக்கிங்க. நின்னு வாசிச்சு முதுகு புடிச்சா ஸ்டூல்ல சாஞ்சு வாசிக்க பழகுங்க, வாசிச்சு நாப்பது நிமிசத்துக்கு ஒருக்கா விட்டுட்டு கைய ஒதறுங்க, விரல் நுனி கொப்புளத்த உடைக்காதீங்க.

வெளிநாடு

மாசச் சம்பளத்துக்கு ஆர்கெஸ்ட்ராவுல வாசிக்கணும்னா நாட்ட விட்டு வெளிய பாக்கணும். ஆக கிட்ட இருக்குறது மும்பாயில 2006ல தொடங்குன சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஒஃப் இந்தியா, ஆனா அதுக்கு வெளிநாட்டுக்காரங்களும் போட்டிக்கு வருவாங்க, கிரேட் 8 அங்க ஒரு தகுதியே இல்ல. படிப்புக்கு போறதா இருந்தா சென்னையில ரஹ்மானோட கே.எம் கொன்சர்வேட்டரியில விசாரிச்சு பாக்கலாம், மொழி பிரச்சின கொறவு. எங்க போட்டாலும் மொதல் சுற்றுக்கு வீடியோ கேப்பாங்க. அத போன் மைக்ல எடுக்காதீங்க, கீழ் கம்பி ரெண்டும் காணாம போயிரும், ஒரு யு.எஸ்.பி மைக் யார்கிட்டயாவது எரவல் வாங்குங்க. தகரக் கூரைக்கு கீழ மழ நேரத்துல எடுத்து பிரயோசனமில்ல, ஞாயித்துக்கெழம பகல்ல பக்கத்து காம்பராவுல டீவி ஓடும், அதனால ஸ்கூல் ஹோலையோ சேர்ச் ஹோலையோ ஒரு ரெண்டு மணித்தியாலம் கேட்டு வாங்கி, ஃபேன ஓஃப் பண்ணிட்டு, வெட்டி ஒட்டாம ஒரே டேக்ல எடுத்து அனுப்புங்க.